தந்தி பாஷை

"லாக் வேலை செய்யல."

மேனேஜரிடமிருந்து கைப்பேசிக்கு வந்த செய்தி அவ்வளவுதான். எந்த லாக், எப்போதிருந்து, யார் சொன்னது, ஒன்றும் கிடையாது. கமா அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் ஒரு கோப்பில் காற்புள்ளி ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். பிறந்தநாள் வாழ்த்துப் போக வேண்டிய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் 'தங்கள் பேரிழப்பில் பங்கு கொள்கிறோம்' என்று அனுதாபச் செய்தி போய்ச் சேர்ந்தது. வேலை போனது. பட்டப்பெயர் மட்டும் விசுவாசமாகக் கூடவே வந்தது.

மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தந்தி. எதையும் மூன்று சொல்லுக்கு மேல் எழுதமாட்டார். நாலாவது சொல் எழுதினால் யாரோ அபராதம் போட்டுவிடுவார்கள் என்பதுபோல டக்கென்று நிறுத்திக்கொள்வார். கமா எழுதும் நீளநீளமான மின்னஞ்சல்களைப் பார்த்தாலே அவருக்குத் தலைவலி வரும். "கதை வேணாம்பா, விஷயம் போதும்" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் எழுதிய காதல் கடிதமே "சரி. சம்மதம். நலம்." என்றுதான் இருந்திருக்கும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு.

அப்படிப்பட்டவரின் செய்தியை வேறு ஒரு நாளாக இருந்தால் நிதானமாக எடுத்துக்கொண்டிருப்பான். இன்று முடியாது. மதியத்துக்கு மேல் கம்பெனியின் பெரியவர் வருகிறார். கமாவின் வேலை நிரந்தரமா, இல்லை மூட்டையைக் கட்ட வேண்டியதுதானா என்பது இன்றைக்குத்தான் முடிவாகும்.

காலையில் செருப்பு மாட்டும்போதே மனைவி சொல்லிவிட்டாள். "இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் கடைதான். பார்த்துக்கோங்க."

மச்சான் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடையது மெத்தைக் கடை. வருகிற வாடிக்கையாளர்கள் முன்னால் மெத்தையில் படுத்து, இப்படியும் அப்படியும் புரண்டு காட்ட நம்பிக்கையான ஓர் ஆளை அவர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். போன விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த கமாவின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்ததை கமா கவனித்திருந்தான்.

அவன் அவசர அவசரமாக லாக் கோப்பைத் திறந்தான்.

கம்பெனியில் செய்வது பார்சல்களுக்கான மென்பொருள். எந்தப் பார்சல் எங்கே கிடக்கிறது என்று சொல்லும் ஜாவா நிரல். தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் அது வரிவரியாக ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அதுதான் லாக். நாளைக்கு ஒரு பார்சல் காணாமல் போனால் இதைப் பார்த்துத்தான் துப்புத் துலக்குவார்கள்.

இன்றைய கோப்பில் ஒரு வரிகூட இல்லை. துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

'ஆஹா, தந்தி சொன்னது சரிதான்' என்று நினைத்துக்கொண்டு பதில் போட்டான். "பார்க்கிறேன் சார். எந்த லாக் சார்? புதுசா, பழசா?"

"பழசு. மேல இருக்கறது."

கமாவின் முகம் மலர்ந்தது. ஜாவாவில் லாக் எழுதும் கூட்டத்துக்கு வம்சாவளி உண்டு. பேரனுக்கு மேல் அப்பா, அப்பாவுக்கு மேல் தாத்தா என்று போய், எல்லாருக்கும் மேலே ஆதிமூலமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். தந்தி அவரைத்தான் சொல்கிறார். இவ்வளவு நுணுக்கம் தந்திக்குத் தெரியும் என்று கமா நினைத்ததே இல்லை. மரியாதை கூடியது.

அடுத்த செய்தியும் வந்தது. "சீக்கிரம். யாருக்கும் சொல்லாதே."

"உயிரே போனாலும் சொல்லமாட்டேன் சார்" என்று எழுதினான்.

"என்னாச்சு?" என்றாள் பக்கத்து இருக்கை டெஸ்டர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கட்டுவதை இடித்துப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லன்னா ஏன் ஏசியில வேர்க்குது?"

"உடம்பு வாகு அப்படி."

லாக் எவ்வளவு பேச வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு முனையில் 'டீபக்'. யாராவது இருமினால்கூட எழுதிவைக்கும். மறுமுனையில் 'எரர்'. வீடு பற்றி எரிந்தால்தான் வாயைத் திறக்கும். தந்தியின் உத்தரவுப்படி இங்கே 'எரர்' வைத்திருந்தார்கள். கமா அதை 'டீபக்' ஆக்கினான். நிரலை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டான். கோப்பைத் திறந்தான்.

துடைத்த தட்டு.

எழுத்துப் பிழையா என்று பார்த்தான். இல்லை. கோப்பைச் சேமிக்கவில்லையோ என்று மறுபடி சேமித்தான். வேறு கணினியில் உட்கார்ந்துகொண்டு மாற்றுகிறோமோ என்று சந்தேகம் வந்தது. கணினியின் பெயரைச் சரிபார்த்தான். தன் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாமா என்கிற அளவுக்குக் குழம்பியிருந்தபோது கைப்பேசி அடித்தது. தந்தி.

"சார்?"

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. "லாக்... உள்ள... வெளிய... வரமுடி..."

"புரியுது சார்! உள்ள எல்லாம் நடக்குது, ஆனா வெளிய வரமாட்டேங்குது. அதானே?"

"ஆமா! ஆமா!" அந்தக் குரலில் இருந்த நன்றி கமாவின் நெஞ்சைத் தொட்டது. இணைப்பு அறுந்தது.

"எதுக்கும் நேர்ல போய் என்னன்னு கேட்டுட்டு வந்துடேன்" என்றாள் டெஸ்டர்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. எழுந்து போனான். தந்தியின் அறையில் தந்தி இல்லை. மேசைமேல் மூக்குக்கண்ணாடி இருந்தது. நாற்காலியில் கோட்டு தொங்கியது. குடிக்காத டீயில் ஆடை படிந்திருந்தது.

"எங்கயோ அவசர மீட்டிங்ல மாட்டிக்கிட்டிருக்கார். பாவம், அங்கேருந்து ஒளிச்சு ஒளிச்சு மெசேஜ் போடறார்" என்றான் திரும்பி வந்து.

"மேல யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்களே, அது என்ன?"

"மேல ஸ்டோர் ரூம்தானே இருக்கு? எலியா இருக்கும்."

"அவ்வளவு பெரிய எலியா?"

கமா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான். எலி பிடிக்கிற நேரமா இது?

வெகுநேரம் துழாவியபின் ஒரு வெளிச்சம் கிடைத்தது. லாக் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று இவன் எழுதியது. இன்னொன்று, நேற்று வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த ஒரு தொகுப்புக்குள் சுருட்டி மடக்கி ஒளிந்திருந்தது. நிரல் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. காலையிலிருந்து இவன் கத்திக் கத்தி உத்தரவு போட்டுக்கொண்டிருக்க, அது வேறொருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் இந்த அனுபவம் அவனுக்கு உண்டு என்பதால் அதிகம் கோபம் வரவில்லை.

"இன்னும் ஆகலையா?" என்று தந்தி கேட்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார்! ஒண்ணை ஒண்ணு மறிச்சுக்கிட்டு இருக்கு. எடுத்துடறேன்."

"நானே உடைச்சிரட்டுமா?"

கமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் வருகிற நாளில், வேலை தெரியாத மேனேஜர் நிரல் ஓடுகிற சர்வரில் நேரே கைவைத்தால் என்ன ஆகும்? உடனே எழுதினான். "ஐயோ, உடைச்சிராதீங்க சார்! எதையும் தொடாதீங்க! நான் இருக்கேன்!"

ஒளிந்திருந்த இரண்டாவது கோப்பை நீக்கினான். ஓடவிட்டான். வந்தது லாக்!

ஒரு கணம்தான் சந்தோஷம். ஏற்கெனவே 'டீபக்' வைத்திருந்தானல்லவா? நிரல் தன் பிறப்பு முதல் இன்றுவரை சொல்ல ஆரம்பித்தது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டு முறை வந்தது. பிள்ளை எழுதியதையே அப்பாவும் ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகள் ஓடிய வேகத்தில் கமாவுக்குத் தலை சுற்றியது. நிறுத்தும் கட்டளை கொடுத்தான். அந்தக் கட்டளை வந்ததையும் லாக் இரண்டு முறை எழுதிவைத்துவிட்டுத் தன் போக்கில் போனது.

அந்த நேரம் பார்த்துத் தந்தி. "நிக்கல. நிக்கவே இல்ல."

"ஆமா சார், பார்த்தேன். வழிஞ்சு ஓடுது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"இங்கேயிருந்தே தெரியுது சார்."

"வந்து நிறுத்து!"

"வரவே வேணாம் சார். இங்கேயிருந்தே நிறுத்திடலாம். இந்த வேகத்துல போனா கொஞ்ச நேரத்துல நிரம்பிடும். நிரம்பினா தானா நின்னுடும்."

இந்தச் செய்திக்குத் தந்தி பதிலே போடவில்லை. நம்பிக்கை வந்துவிட்டது போலிருக்கிறது என்று கமா நினைத்தான்.

டெஸ்டர் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "மேலேருந்து தண்ணி சொட்டுதுப்பா."

"ஏசி தண்ணியா இருக்கும்."

"இவ்வளவு தண்ணி விடற ஏசியா?"

"ரிசப்ஷன்ல சொல்லு. பிளம்பரைக் கூப்பிடுவாங்க. என்னைக் கொஞ்சம் விடு, ப்ளீஸ்."

அவன் சொன்னபடியே நடந்தது. சர்வரின் வட்டு நிரம்பியது. நிரம்பியதும் தானாக நின்றது, லாக் மட்டுமல்ல, சர்வரே நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சர்வர் அறைக்கு ஓடினான். பொத்தானை அழுத்தினான், அசையவில்லை. ஒயரைப் பிடுங்கலாம் என்றால் அது அலமாரிக்குப் பின்னால் எட்டாத இடத்தில் இருந்தது. சுவரில் ஒரு பெரிய சுவிட்ச். 'சர்வர் + மாடி' என்று யாரோ பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கீழே தள்ளினான்.

கைப்பேசி முனகியது. "ஒரே இருட்டு."

அவர் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்புத் திரை அணைந்திருக்கும். கமா ஆறுதலாக எழுதினான். "நான்தான் சார் ஆஃப் பண்ணேன்."

"நீயா? ஏன்?"

"அப்பதான் சரியாகும் சார். கொஞ்ச நேரம் இருட்டாதான் இருக்கும். பயப்படாதீங்க. இந்த நேரத்துல நீங்க அமைதியா உட்கார்ந்திருந்தாலே போதும்."

சுவிட்சை மேலே தள்ளினான். சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது. கமா ஆகாத கோப்புகளை அழித்தான். 'டீபக்'கை விட்டுவிட்டு நடுத்தரமான அளவு வைத்தான். பிள்ளை எழுதியதை அப்பா எழுதக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தான். எங்காவது காற்புள்ளி கூடுதலாக இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடினான். ஓடவிடப் போகும்போது பின்னால் செருமல் கேட்டது.

பெரியவர்.

"எங்க உங்க மேனேஜர்?"

'யாருக்கும் சொல்லாதே' என்பது நினைவுக்கு வந்தது. லாக் விஷயமாக எங்கோ போராடிக்கொண்டிருக்கும் மனிதரைக் காட்டிக்கொடுக்க கமாவுக்கு மனம் வரவில்லை.

"க்ளையன்ட் ஆபீஸுக்குப் போயிருக்கார் சார்."

"வண்டி வாசல்ல நிக்குதே?"

"நடந்து போனார் சார். உடம்புக்கு நல்லதுன்னு..."

"கோட்டு போடாமயா?"

"வேர்க்கும்னு விட்டுட்டுப் போனார் சார்."

"கண்ணாடி?"

"அது... அவருக்கு வழி நல்லாத் தெரியும் சார்."

பெரியவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெத்தைக் கடையின் வாசனை கமாவின் மூக்கில் ஏறியது. மேசைக்குக் கீழே கைப்பேசியை வைத்துக்கொண்டு பார்க்காமலே தட்டினான். "பெரியவர் வந்துட்டார் சார். கவலை வேணாம், நீங்க வெளிய இருக்கறதா சொல்லிட்டேன்."

"வெளியவா? நானா?"

"சரி, உன் வேலையைக் காட்டு" என்றார் பெரியவர்.

கமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிரலை ஓடவிட்டான். திரையில் முதல் வரி வந்தது. அப்புறம் இரண்டாவது. எந்தப் பார்சல், எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, ஏன் தாமதம், எல்லாம் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை மட்டும். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக விழுவதைப் பார்த்தபோது கமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவர் குனிந்து படித்தார். "இது நல்லா இருக்கே! படிச்சா எனக்கே புரியுது. முன்னாடியெல்லாம் வெறும் 'எரர்'னு மட்டும் போட்டிருக்கும். என்ன எரர், எங்க எரர்னு ஒரு இழவும் தெரியாது."

"கொஞ்சம் விவரமா சொல்றது என் வழக்கம் சார்."

"நல்ல வழக்கம். ஆள் சொல்றதைவிட மெஷின் சொல்றது தெளிவா இருக்கு." பெரியவர் நிமிர்ந்தார். "எனக்குச் சம்மதம். உங்க மேனேஜர் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லட்டும். உன் வேலை நிரந்தரம்."

ஒரு வார்த்தை! தந்திக்கு மூன்று வரை வருமே! கமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அங்கேயே நின்று செய்தி அனுப்பினான். "லாக் சரியாயிடுச்சு சார்! பெரியவருக்கு ரொம்பத் திருப்தி. இனி உங்க கையிலதான் இருக்கு. என்னைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்."

இந்த முறை பதில் உடனே வந்தது.

"சொல்றேன். வந்து சொல்றேன்."

மூன்று சொல்லில் இவ்வளவு பாசத்தைத் தந்தியால்தான் அடைக்க முடியும். கமா ஓரமாகப் போய் மனைவியை அழைத்தான்.

"உங்க அண்ணன்கிட்ட மெத்தைக்கு வேற ஆள் பார்த்துக்கச் சொல்லு."

"நிஜமாவா? தந்தி சொல்லிட்டாரா?"

"இப்ப வந்து சொல்லப்போறார். இன்னைக்குப் பூரா நானும் அவரும் எப்படி ஒரே மனசா வேலை பார்த்தோம் தெரியுமா? அவர் பாதிதான் சொல்வார், மீதி எனக்குப் புரிஞ்சிடும்."

"என்கிட்ட முழுசாச் சொன்னாலே உங்களுக்குப் புரியாதே?"

"அது வேற, இது வேற."

கூரையிலிருந்து விழுந்த பெரிய சொட்டு ஒன்று அவன் உச்சந்தலையில் டொக்கென்று தெறித்தது. பெரியவரும் தோளைத் துடைத்தபடி மேலே பார்த்தார். டெஸ்டர் ஒரு வாளியை நகர்த்திவைத்தாள். மேலே இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த தட்டும் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள்.

மாடிப்படியில் சளக் சளக்கென்று காலடி கேட்டது. ரிசப்ஷனில் கூப்பிட்டு அனுப்பிய பிளம்பர் முழங்கால்வரை நனைந்து இறங்கி வந்தார். ஒரு கையில் திருப்புளி. இன்னொரு கையில் கைப்பிடியோடு பெயர்த்தெடுத்த துருப்பிடித்த பழைய இரும்பு ஒன்று. அதை கமாவின் மேசைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"மாடியில ஸ்டோர் ரூம் பக்கத்து பாத்ரூம்ல, உடைஞ்ச குழாயோட மாட்டிக்கிட்டிருந்த உங்க மேனேஜரை வெளிய எடுத்தாச்சுங்க, தலை துவட்டிக்கிட்டிருக்கார். 'லாக்கை உடைச்சிராதீங்க, நான் இருக்கேன்'னு காலையிலேருந்து மெசேஜ் போட்டது யாருங்க? அந்த ஆளைப் பத்தி உங்க மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லணுமாம்."